நெட்டுக் கோடு

வலது அக்குளில் ஏதோ ஒன்று குத்திக்கொண்டே இருக்கும். விரலை விட்டுச் சுரண்டினால் கையோடு வருவது செய்தித்தாளின் துணுக்கு. வேர்வையில் ஊறிக் காய்ந்து, தையல் நூலோடு பின்னிக்கொண்டு, அதில் அரை எழுத்தோ கால் எழுத்தோ அழியாமல் மிச்சம் இருக்கும். பனியன் துணி தையல் மிஷினில் வழுக்கும், ஊசிக்கு அடியில் இருக்கும் பல் அதைக் கவ்வி உள்ளே இழுத்துவிடும் என்பதால், துணிக்கு அடியில் பேப்பரைக் கொடுத்து இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டு, பிறகு பேப்பரை மட்டும் கிழித்து எடுப்பாள் எங்கள் பெரியம்மா. தன் மகன்களின் சட்டையில் நகத்தால் கிள்ளிக் கிள்ளி ஒரு துணுக்கு விடாமல் எடுப்பாள். எனக்கும் என் தங்கைக்கும் தைத்ததில் ஒரே இழுப்புதான். வந்தது போக மிச்சம் எங்கள் அக்குளுக்கு.

வீட்டில் தைத்துப் போட்ட துணி என்று சொன்னாலே சிலருக்குக் கண் கலங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் பாசத்தையும் சேர்த்துத் தைத்தார்கள் என்று எழுதுகிறார்கள், பேசுகிறார்கள், மேடையில் கைதட்டலும் வாங்குகிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. நான் அருப்புக்கோட்டையில் இரண்டு மிஷின் போட்டு, பிள்ளைகளுக்கு லெக்கின்ஸும் பனியன் கவுனும் தைத்துப் பிழைக்கிறவள், துணியின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. தைத்துப் போட்ட கையின் மேல்தான் கோபம், அது இத்தனை வருடத்தில் ஒரு இழை கூடக் குறையவில்லை, குறைக்க வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துண்டு தேட வேண்டியிருக்காது.

எங்கள் ஊர் பரளச்சிக்குப் பக்கம், வீரசோழன் போகிற பஸ்ஸில் ஏறி இறங்க வேண்டிய கரிசல் காட்டு ஊர். மழை பெய்தால் கொத்தமல்லியும் பருத்தியும், பெய்யாவிட்டால் கருவேல முள்ளும் விளையும். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிக்காமல் ஒரே வீட்டில் இருந்தார்கள். பெரியப்பாவுக்கு இரண்டு மகன்கள், பாண்டி அண்ணன், குமார் அண்ணன். எங்கள் அப்பாவுக்கு நானும் வள்ளியும், இரண்டும் பெண். இந்தக் கணக்கை வைத்துத்தான் அந்த வீட்டில் யார் குரல் ஏறும், யார் தலை குனியும் என்பது முடிவாகியிருந்தது. அம்மாவின் தலை கல்யாணம் ஆன மூன்றாவது வருடமே குனிந்துவிட்டது.

பெரியம்மா கல்யாணத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டையில் ஆறு மாதம் தையல் படித்தவள். அதற்கான சர்டிபிகேட் சட்டம் போட்டு, சாமி படங்களின் வரிசையில் முருகனுக்கு அடுத்ததாகத் தொங்கியது. விளக்கு வைக்கும்போது அதற்கும் சேர்த்துத்தான் ஊதுபத்தி காட்டுவாள். கல்யாணச் சீராக வந்த தையல் மிஷினை அவள் இல்லாதபோது யாரும் தொடக் கூடாது, ‘நூலு சிக்கிரும்’ என்பாள். ஊரில் பாப்ளின் ஜாக்கெட்டு, பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் நன்றாகத்தான் தைப்பாள், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். வெட்டுவதற்கு முன் துணியை இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக நெடுக்கே ஒரு இழுப்பு, குறுக்கே ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பாள். எந்தத் துணியானாலும் அந்த இழுப்பு இல்லாமல் கத்திரி எடுக்க மாட்டாள். இந்த இழுப்பை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கம் பங்குனிப் பொங்கலுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே துணியில் எடுத்துத் தைப்பார்கள். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகளைத் தேட வசதி என்று வெளியில் சொல்வார்கள், உண்மைக் காரணம் அதுவல்ல. ‘ஒத்தத் துணி’ போட்டுப் பிள்ளைகள் நடந்தால் அந்த வீட்டில் இன்னும் பாகம் பிரியவில்லை என்று அர்த்தம். எந்த வீட்டுப் பிள்ளைகள் வேறு வேறு துணியில் வருகிறார்களோ அந்த வீட்டில் அடுப்பு இரண்டாகிவிட்டது என்று ஊர் முடிவு செய்துகொள்ளும். அதனால் என் மகளுக்கு இந்தத் துணி வேண்டாம், நான் வேறு எடுத்துக்கொள்கிறேன் என்று என் அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அது துணியைப் பற்றிய பேச்சாக இருந்திருக்காது, பாகம் கேட்ட பேச்சாகியிருக்கும்.

எனக்குப் பதினொரு வயதான பங்குனியில், பருத்தி விற்கப் போன பெரியப்பா அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு மூட்டையோடு வந்தார். திருப்பூரில் கழித்துக் கட்டிய பனியன் துணி, நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்டது. மீட்டர் கணக்கில் இல்லாமல் கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுத்திருந்தார்கள். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் துணியை எடை போட்டு வாங்கியதில்லை. ஒன்றரைக் கிலோ என்றதும் பெரியப்பாவுக்கு ஒன்றரைக் கிலோ மல்லி எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதுதான் மனதில் வந்திருக்க வேண்டும், நாலு பிள்ளைக்கும் போக மிஞ்சும் என்று வாங்கிவிட்டார். அது கனமான துணி. விரித்துப் பார்த்தால் நாலு பிள்ளைக்குக் காணாது.

பெரியம்மா துணியைக் கூடத்துத் தரையில் விரித்தாள். வழக்கம்போல இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். நானும் வள்ளியும் எதிரில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு ஓடிய பக்கமாக இழுத்தபோது துணி ரப்பரைப் போல நீண்டது. கோட்டுக்குக் குறுக்கே இழுத்தபோது அசையவில்லை. திரும்பவும் ஒருமுறை இழுத்தாள். பிறகு அண்ணன்மார் இருவருக்கும் கோடு உடம்பைச் சுற்றி வருகிற மாதிரி முதலில் வெட்டினாள். மிச்சம் இருந்த துணி அகலம் உண்டு, நீளம் இல்லை. அதை அப்படியே பக்கவாட்டில் திருப்பிப் போட்டு எனக்கும் வள்ளிக்கும் பாவாடையும் டாப்ஸும் வெட்டினாள். எங்கள் துணியில் கோடு கழுத்திலிருந்து கீழே இறங்கியது.

அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா பக்கத்தில் வந்தாள். “என்னக்கா, பயலுகளுக்குப் படுக்கக் கோடு, இதுகளுக்கு நெட்டுக் கோடா இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“பொம்பளப் பிள்ளைக்கு நெட்டுக் கோடு போட்டா ஒசரமாத் தெரியும்த்தா. தையக்காரிக்குத் தெரியாதா,” என்றாள் பெரியம்மா.

அம்மா அடுப்படிக்குத் திரும்பினாள். நானும் உயரமாகத் தெரியப் போகிறோம் என்று நம்பிக் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டேன், அதை இப்போது எழுதும்போது என் மேலேயே ஆத்திரம் வருகிறது. துணி உடம்பைச் சுற்றி நீளாமல் மேலிருந்து கீழாக நீளும்படி வெட்டப்பட்டிருந்தது. போடும்போது தோளில் இறங்காமல் இறுக்கும், கையை உயர்த்தினால் பட் பட்டென்று தையல் விடும், போட்டு அரை மணி நேரத்தில் முழங்கால் வரை தொங்கும். பாவாடை இடுப்புக்கு எலாஸ்டிக் கொடுத்தவள், வளர்கிற பிள்ளை என்று அதையும் தாராளமாக விட்டிருந்தாள். சாதாரண ஊசியால் தைத்ததில் தையல் ஓரம் நெடுக அலை அலையாக நெளிந்திருந்தது. வள்ளி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டு அழுதாள். அவளுக்கு ஒரு அடி கிடைத்தது, அதோடு அழுகை நின்றது.

அந்த வருடம் நான் முளைப்பாரி எடுத்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊரில் இருட்டான ஒரு வீட்டில் சட்டிகளில் சாணியும் வைக்கோலும் மண்ணும் போட்டு, நவதானியம் தூவி, தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். வெயில் படாத பயிர் மஞ்சளாக ஒரு முழம் எழும்பி நிற்கும். கடைசி நாள் பெண் பிள்ளைகள் அந்தச் சட்டிகளைத் தலையில் சுமந்து, கோயிலைச் சுற்றி, ஊருணியில் கொண்டுபோய்க் கரைக்க வேண்டும். பயிர் உயரமாக வந்தால் அந்த வருடம் மழை. சட்டி கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எங்கள் ஊரில் ஒரு அக்காவின் சட்டி விழுந்த வருடம் கம்மாய் நிறையவில்லை, அவளை வெளியூரில் கட்டிக்கொடுத்த பிறகும் அவள் பேரைச் சொல்லித்தான் அந்த வருடத்தை அடையாளம் சொன்னார்கள்.

முளைப்பாரி வீட்டுக்குப் பெரியம்மாதான் பொறுப்பு, அங்கே விதை தூவுகிற நாலைந்து பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. ராக்கு கை வைத்தால் பயிர் ஏறும் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான். மகன் பெறாதவள், வாய் பேசாதவள், சீர் குறைவாகக் கொண்டுவந்தவள் என்று ஆயிரம் சொன்னாலும், பங்குனியில் ஒன்பது நாள் அம்மா தலை நிமிர்ந்து அந்த இருட்டு வீட்டுக்குள் போய் வருவாள். அவள் தூவிய சட்டியைத்தான் என் தலையில் ஏற்றினார்கள்.

மத்தியான வெயில். தார் ரோடு காலைச் சுட்டது. அதற்காகவே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெண்கள் குடத்தோடு நின்று, முளைப்பாரி சுமந்து வருகிறவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். காலில் ஊற்றுகிறேன் என்று இடுப்பிலிருந்து ஊற்றுகிறவர்கள்தான் அதிகம், பிள்ளை வெயிலில் வருகிறதே என்ற இரக்கம் அவர்களுக்கு. இதற்கிடையில் முறைப் பையன்கள் வேறு செம்பு செம்பாக மேலே வீசினார்கள். பாப்ளின் பாவாடையாக இருந்தால் நனைந்து ஒட்டும், காயும். பனியன் துணி தண்ணீரைக் குடித்தது. பத்து வாசல் தாண்டுவதற்குள் என் பாவாடை ஈரச் சாக்கின் கனத்துக்கு வந்துவிட்டது. டாப்ஸ் முழங்காலைத் தாண்டியது, கழுத்து ஒரு தோளில் சரிந்தது. எனக்கு முன்னால் இதே துணியில் இதே தண்ணீரில் நனைந்துகொண்டு போன அண்ணன்மார் சட்டைகள் கொஞ்சம் தொளதொளத்ததோடு சரி.

கோயில் திருப்பத்தில் எலாஸ்டிக் தாங்கவில்லை. பாவாடை இடுப்பை விட்டு இறங்குவது தெரிந்தது. இரண்டு கையும் தலைக்கு மேல் சட்டியைப் பிடித்திருக்கின்றன. ஒரு கையை விட்டால் சட்டி சாயும், விடாவிட்டால் பாவாடை போகும். நான் இரண்டு முழங்காலையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த இருபது முப்பது சட்டிகளும் நின்றன. மேளக்காரர்கள் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். குலவை நின்றது.

முன்னால் போய்க்கொண்டிருந்த பெரியம்மா திரும்பினாள். “எவ அவ நிப்பாட்டுனது? நடங்கத்தா.”

நான் “அம்மா, பாவாட,” என்றேன். ஓரமாகக் குடத்தோடு நடந்து வந்த அம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். முதலில் சட்டியை வாங்கத்தான் கையை நீட்டினாள்.

“சட்டியத் தொடாத. ஊருணிக்குப் போகாம கை மாறக் கூடாது. தெரியாதவளா நீ?” என்றாள் பெரியம்மா. பாவாடையைப் பார்த்தாள். தான் தைத்த பாவாடை அது. மேளக்காரர்களை நடக்கச் சொல்லிக் கை காட்டினாள்.

அம்மா எனக்குப் பின்னால் வந்து, கீழே இறங்கியிருந்த பாவாடையை இழுத்து இடுப்பில் கொத்தாகச் சுருட்டி, வலது கை முட்டிக்குள் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை விடாமல், குனிந்தபடியே, கோயில் திருப்பத்திலிருந்து ஊருணிக்கரை வரை என் பின்னாலேயே நடந்து வந்தாள். அவள் கை நகம் என் முதுகில் அழுத்தியது எனக்கு இப்போதும் தெரியும். இரண்டு பக்கமும் ஊர் நின்று சிரித்தது. குமார் அண்ணன்தான் முதலில் “ரப்பரு” என்று கத்தினான். அதற்குப் பிறகு கல்யாணம் ஆகி ஊரை விட்டுப் போகும்வரை எனக்கு அதுதான் பேர், தனம் என்று ஒரு பேர் இருந்ததே பள்ளிக்கூட ரிஜிஸ்டருக்குத்தான் தெரியும்.

சட்டி விழவில்லை. ஊருணியில் நானே இறக்கினேன், பயிர் ஒன்றுகூட ஒடியவில்லை. ஆனாலும் அந்த ஐப்பசியில் மழை பெய்யவில்லை. கார்த்திகையிலும் பெய்யவில்லை. மல்லி முளைத்து நாலு இலையில் கருகியது. குழாயடியில் பெண்கள் கூடியிருந்தபோது பெரியம்மா சொன்னாள், “நடுத்தெருவுல முளப்பாரி நின்னுச்சுல்ல. அது நின்னா மழையும் நின்னுரும்.” அம்மா அங்கேதான், குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். மறுத்துப் பேசியிருக்க வேண்டிய அத்தனை பேரும் தங்கள் குடம் நிறைகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பங்குனியில் விதை போடுகிற நாளன்று அம்மா குளித்து, ஈரத் தலையோடு கிளம்பினாள். முளைப்பாரி வீட்டு வாசலில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். வழியை மறித்துக் காலை வாசல் நிலையில் நீட்டியிருந்தாள். “இந்த வருசம் நீ உள்ள வர வேணாம் ராக்கு. வெளி வேலையப் பாரு,” என்றாள். அம்மா மடியில் வைத்திருந்த விதையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அந்த வருடம் மட்டும் இல்லை, அதற்குப் பிறகு ஒரு வருடமும் அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்று மற்றவர்கள் காலில் தண்ணீர் ஊற்றுவதோடு அவள் பொங்கல் முடிந்துவிடும்.

நான் கேட்டிருக்கிறேன். துணிதானே சரியில்லை, உன் மேல் என்ன தப்பு என்று கத்தியிருக்கிறேன். “துணி என்னத்தடி செய்யும். நான் ஒரு ஊக்கு குத்தி விட்டிருக்கணும். பெத்தவளுக்கு அந்தப் புத்தி வேணாமா?” என்பாள். அன்றிலிருந்து அம்மாவின் வளையலில் எப்போதும் ஐந்தாறு ஊக்கு தொங்கும். யார் வீட்டுப் பிள்ளையானாலும், பாவாடை கொஞ்சம் இறங்கியிருந்தால் பிடித்து நிறுத்திக் குத்திவிடுவாள். மழை நின்றது தன்னால்தான் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். பெரியம்மா செய்ததில் இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. என் பேரை ரப்பர் ஆக்கியதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன்.

கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்த பிறகு ஒரு கார்மென்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்தேன். பிள்ளைகளுக்கான லெக்கின்ஸ் தைக்கிற இடம். சேர்ந்த வாரமே, என்னை விட வயதில் சின்னவளான சூப்பர்வைசர் பெண் ஒரு துண்டுத் துணியைக் கையில் கொடுத்து, “இழுத்துப் பாருங்கக்கா. எந்தப் பக்கம் அதிகமா இழுபடுதோ அது உடம்பச் சுத்தி வரணும். மாத்தி வெட்டுனா தண்ணி பட்டதும் முழங்காலுக்குப் போயிரும்,” என்றாள். நான் இரண்டு விரலால் நெடுக்கே ஒரு இழுப்பு, குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தேன். அந்த இழுப்பை எங்கே பார்த்தேன் என்பது கையிலேயே ஞாபகம் வந்தது. துணியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போனேன். அம்மா முற்றத்தில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தெரியாமல் வெட்டினாள் என்றால் பரவாயில்லை, இழுத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும் அம்மா என்றேன்.

“இழுத்துப் பாத்தாலே தெரியுமா?”

“ரெண்டு விரலே போதும்.”

அம்மா சுளகைக் கீழே வைத்தாள். “அவுக அன்னைக்கு இழுத்துத்தான பாத்தாக. ரெண்டு வாட்டி பாத்தாக,” என்றாள். பிறகு சுளகை எடுத்து மறுபடி புடைக்கத் தொடங்கிவிட்டாள். பெரியம்மாவிடம் போய்க் கேட்போம் என்று நான் குதித்தபோது, தூசி என் மேல் விழாமல் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இவளிடம் சொல்லி என்ன பிரயோசனம் என்று நானும் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

இந்த வருடம் மாசிக் கடைசியில் பெரியம்மாவே போன் போட்டாள். “ஏத்தா தனம், நீதான் இப்பப் பெரிய டைலரு. பேரன் பேத்திக அம்புட்டுப் பேருக்கும் ஒத்தத் துணியாத் தச்சுருவோம். பாண்டி ஒண்ணரக் கிலோ எடுத்தாந்திருக்கான். எனக்குக் கண்ணு தெரியல, நீ வந்து வெட்டிக் குடு.” பெரியப்பாவும் போய், அப்பாவும் போய், அடுப்பு எப்போதோ இரண்டாகிவிட்ட வீடு. ஊர் கண்ணில் அது இன்னும் ஒரே வீடாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை அவளுக்கு விடவில்லை. போனேன். போகக் கூடாது என்று பஸ்ஸில் ஏறும்வரை நினைத்துக்கொண்டேதான் போனேன்.

அதே கூடம். பச்சையும் வெள்ளையும் கோடு போட்ட பனியன் துணி. பாண்டி அண்ணனுக்கு இரண்டு மகன்கள், குமார் அண்ணனுக்கு ஒரு மகள், எனக்கு ஒரு மகள், வள்ளிக்கு ஒரு மகள். விரித்த உடனே தெரிந்துவிட்டது, ஐந்து பேருக்குக் காணாது. மகனும் அப்பனைப் போலவே எடையை நம்பி வாங்கியிருந்தான். பெரியம்மா நாற்காலியைத் துணிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா சுவரோரம் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“பயலுகளுக்கு மொதல்ல வெட்டுத்தா,” என்றாள் பெரியம்மா.

“ஒத்தத் துணிதான பெரியம்மா. யாருக்கு மொதல்ல வெட்டுனா என்ன,” என்று சொல்லிவிட்டு மூன்று பெண் பிள்ளைகளுக்கும் வெட்டினேன். கோடு உடம்பைச் சுற்றி வருகிற மாதிரி, ஒரு விரற்கடை குறையாமல், அவள் பேத்திக்கும் சேர்த்துத்தான் ஒழுங்காக வெட்டினேன். மிச்சத் துணி அகலம் இருந்தது, நீளம் இல்லை. அதையும் கத்திரியையும் பெரியம்மாவின் மடியில் வைத்தேன்.

“இது நேராப் போட்டா வராது. திருப்பிப் போட்டா பயலுக ரெண்டு பேருக்கும் வரும். நீங்களே வெட்டுங்க.”

பெரியம்மா துணியை எடுத்தாள். கண் தெரியவில்லை என்றவளின் விரல்களுக்கு எல்லாம் தெரிந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கோட்டோடு ஒரு இழுப்பு, கோட்டுக்குக் குறுக்கே ஒரு இழுப்பு. கத்திரியைத் தொடவில்லை. திரும்பவும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் துணியை மடியில் போட்டுக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 

பேசியது அம்மா. காம்பு கிள்ளுவதை நிறுத்தாமலே பேசினாள்.

“வெட்டுங்கக்கா. நெட்டுக் கோடு போட்டா ஒசரமாத் தெரிவானுக. ஊக்கு வேணும்னா நான் தாரேன்.”

கையில் மிளகாய் நெடியோடு வளையலைக் காட்டினாள். ஊக்குகள் ஆடின. அம்மா பெரியம்மாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை, அதையும் அவள் குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். பெரியம்மா துணியை நாலாக மடித்தாள். “வேணாம்த்தா. பயலுகளுக்கு டவுனுல ரெடிமேடு எடுத்துக்கிரச் சொல்லுவோம்,” என்றாள். தன் பேரன்களுக்குப் போடக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்த துணி அது. அதை என் மேல் போட்டு முளைப்பாரியையும் தலையில் ஏற்றிவிட்டாள். இனி யாரும் வந்து, பாவம் அவளுக்கென்ன தெரியும், வயதானவள், மன்னித்துவிடு என்று என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு ஒத்தத் துணி அன்றோடு போயிற்று. பங்குனிப் பொங்கலுக்குப் பையன்கள் ரெடிமேடு சட்டையில் வந்தார்கள், பெண்கள் மூவரும் நான் தைத்த பச்சைக் கோட்டில் வந்தார்கள், நனைந்தார்கள், ஓடினார்கள். ஊர் பார்த்தது, பேசியிருக்கும். மற்ற வீடுகளிலும் இப்போது அவரவர் பிள்ளைக்கு அவரவர் போனைப் பார்த்துத் துணி எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல வழக்கம் அழிந்துவிட்டது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு வருத்தம் இல்லை.

விதை போடுகிற நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அம்மாவை இந்த வருடமும் யாரும் கூப்பிடவில்லை. குளித்து, ஈரத் தலையோடு, மடியில் விதையைக் கட்டிக்கொண்டு அவளே கிளம்பினாள். நான் பின்னால் போனேன். முளைப்பாரி வீட்டு வாசலில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள், காலை நிலையில் நீட்டியிருந்தாள். அம்மா அவள் முன்னால் போய் நின்றாள். மடி முடிச்சை ஒரு கையால் பிடித்திருந்தாள். பெரியம்மா காலை மடக்கிக்கொண்டாள், அம்மா உள்ளே போனாள்.